நிறம் பிரியாத கண்கள்



தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் ஒரு தவற்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், கோலசிலாங்கூர் வட்டாரத்தில், இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மரம் வரைந்து, இலைகளுக்கெல்லாம் பழுப்பு வண்ணம் தீட்டிக் கொண்டுவந்தான். “இலை என்ன நிறம்?” என்று கேட்டோம். “பச்சை, சார்” என்றான். வாயால் சரியாகச் சொல்கிறான். கையால் தவறாகத் தீட்டுகிறான். குறும்பு என்று எண்ணி வகுப்புக்கு வெளியே நிறுத்தினோம். மறுவாரமும் அதே பழுப்பு இலைதான்.

தாயாரை அழைத்துப் பேசியபோதுதான் உண்மை விளங்கியது. “எங்க அண்ணனும் இப்படித்தான் சார். செம்பனைக் குலை வெட்டப் போன புதுசுல, காய்க்குலையை வெட்டிட்டு மண்டோர்கிட்ட ஏச்சு வாங்காத நாளே இல்ல” என்றார்.

மாமனுக்கும் மருமகனுக்கும் இருந்தது நிறக்குருடு. பெயரில் குருடு இருந்தாலும் இவர்களுக்கு எழுத்து தெரியும். தூரத்தில் வரும் லோரியும் தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு ஆகிய நிறங்கள்தாம் பிரிந்து தெரியா. நிறத்தை அறிய நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு அணுக்கள் உண்டு. அவற்றுள் ஒரு வகை இல்லாவிட்டாலோ, சரிவர வேலை செய்யாவிட்டாலோ இவ்வாறு நேரும். இது அறிவுக் குறைவும் அன்று. ஜான் டால்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி தமக்கே இக்குறை இருப்பதை உணர்ந்து, 1794இல் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார்.

“என்னாலதானா, சார்?” என்று அந்தத் தாய் கேட்டார். இக்குறை பெரும்பாலும் தாய் தரும் எக்ஸ் குரோமோசோம் வழியாக மகனுக்கு வருகிறது. அவ்வாறு சுமந்து வரும் தாய்க்கு நிறங்கள் நன்றாகவே தெரியும். அவருடைய ஒவ்வொரு மகனுக்கும் இது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால்தான் தாய்மாமனிடமும் தாய்வழித் தாத்தாவிடமும் இதைக் காண்கிறோம். பெண்ணுக்கு வர வேண்டுமானால் தாய், தந்தை இருவர் வழியாகவும் வர வேண்டும். ஆகவே பெண்களிடம் இது அரிது. முகச்சாயல் வருவதுபோல் வருவதற்கு யாரைக் குற்றம் சொல்வது? மருமகளைப் பழிக்காதீர்கள்.

அந்த மாமன் எப்படித் தேறினார்? காய்க்குலை கருத்திருக்கும், பழுத்தது செம்மஞ்சளாகும். இவர் கண்ணுக்கு அது பிடிபடவில்லை. “மேலே பார்க்காதே, தரையைப் பார்” என்றார் ஒரு மூத்த தொழிலாளி. பழுத்த குலையிலிருந்து பழங்கள் உதிர்ந்து மரத்தடியில் கிடக்குமல்லவா? அதைப் பார்த்து வெட்டத் தொடங்கினார்; ஏச்சு நின்றது.

இந்நாட்டில் வாணிப முறையில் முதன்முதலாகச் செம்பனை பயிரிட்டது நம் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், ஆண்டு 1917. அதே ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா, நிறக்குருட்டைக் கண்டறியும் புள்ளிப் படங்களை வெளியிட்டார். வண்ணப் புள்ளிகளுக்கிடையே எண்கள் மறைந்திருக்கும். சில நிமிடங்களில் முடியும் இச்சோதனையைக் கண் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம். காலத்தில் செய்வது நல்லது. விமானம் ஓட்டுவதற்கும், பொலிடெக்னிக்கில் மின்சாரத் துறை போன்ற சில படிப்புகளுக்கும் ‘பூத்தா வார்னா’ இருக்கக்கூடாது என்பார்கள். பாரம் நிரப்பும் நாளில் தெரிந்து மனம் உடைவதைவிட, முன்பே தெரிந்து வேறு வழி தேடுவது மேல்.

பிறவியில் வந்த இக்குறையைத் தீர்க்கும் மருந்தோ கண்ணாடியோ இல்லை. வேறு அடையாளங்களைக் கற்றுக் கொடுங்கள். நேராக நிற்கும் சாலை விளக்கில் சிவப்பு மேலே, பச்சை கீழே. வீட்டுக்கு வருவோர் முன்னால் சட்டையைக் காட்டி, “இது என்ன நிறம், சொல்” என்று வேடிக்கை பார்க்காதீர்கள். “எனக்குக் கண் நன்றாகத் தெரியும், சிவப்பும் பச்சையும் மட்டும் பிரிந்து தெரியாது” என்று கூச்சமின்றிச் சொல்லப் பழக்குங்கள்.

நாங்கள் அந்தப் பையனிடம் வருத்தம் தெரிவித்தோம். அவனுடைய வண்ணப் பென்சில் ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டினோம். அடுத்த வாரம் அவன் வரைந்த மரத்தில் இலைகள் பச்சையாக இருந்தன. பக்கத்துப் பையன் காரணம் கேட்டபோது, அவனே விளக்கிச் சொன்னான். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.