திரையில் வராத முகங்கள்



2020 மார்ச் 27 மாலை. உரோமையில் மழை. வெறிச்சோடிய புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நின்று செபித்தார். உலகமே அதைத் திரையில் பார்த்துச் செபித்தது. ஊரடங்கு காலத்தில் நம் கரிசல் மண்ணிலும் திருப்பலி, மறைக்கல்வி, இளையோர் கூட்டம் எல்லாம் கைப்பேசிக்கு வந்தன. அதுவும் இறைவன் தந்த அருளே.

இளையோர் கூட்டத்துக்கு இருபது பேர் இணைந்தால் நான் மகிழ்ந்தேன். ஒருநாள் தீப்பெட்டி ஆலைக்குப் போகும் ஒரு தாய் சொன்னார்: "சாமி, வீட்டுல ஒரே போனு. அதையும் அவுக அப்பா வேலைக்குக் கொண்டு போயிருவாக. எம் மக எப்படி வருவா?" வந்தவர்களை எண்ணிய நான், வராதவர்களை எண்ணவே இல்லை. நல்ல ஆயனோ தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போனவர்.

யோவான் தம் இரண்டாம் திருமுகத்தின் முடிவில், எழுத நிறைய இருந்தும், தாளோடும் மையோடும் நின்றுவிடாமல், மகிழ்ச்சி நிறைவுபெற நேரில் வரவே விரும்புகிறார். ஆனாலும் திருமுகத்தை எழுதாமல் விடவில்லை. இணையமும் நமக்கு அப்படியொரு திருமுகம்தான். அது அழைக்கும், அப்பம் பிட்டுப் பகிர நாம் ஒன்றுகூட வேண்டும்.

இந்த வாரம், உங்கள் அன்பியத்தில் கைப்பேசிக் குழுவில் இல்லாத ஒரு பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நானும் வருகிறேன். ஆமென்.