நோன்பை முறித்தவர் மீதியையும் விட வேண்டாம்



ரமழானில் காரணமின்றி ஒரு நோன்பை முறித்துவிட்ட பிள்ளைகள் சிலர், "அதுதான் போய்விட்டதே" என்று மீதி நோன்புகளையும் விட்டுவிடுவதைப் பார்க்கிறோம். முதல் தவறைவிட இதுதான் நமக்குப் பெரிய கவலை.

முறித்தவர் அன்று மஃரிப் வரை உண்ணாமல் பருகாமல் இருக்க வேண்டும். மனம் வருந்தி, இனிச் செய்யமாட்டேன் என்ற உறுதியோடு தவ்பா செய்து, ரமழான் முடிந்ததும் தாமதிக்காமல் களாச் செய்ய வேண்டும். பகலில் இல்லற உறவால் முறித்தவருக்குக் கஃப்பாராவும் உண்டு. அடிமையை விடுதலை செய்வது இன்று இல்லை; ஆகவே தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு, அதற்கு இயலாதவர் 60 ஏழைகளுக்கு உணவு. தெரிந்தே உண்டு முறித்தாலும் ஹனஃபி மத்ஹபில் கஃப்பாரா உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அதற்குக் களாவும் தவ்பாவும்தான். உங்கள் பள்ளி ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இல்லற உறவால் நோன்பை முறித்துவிட்டு, அழிந்துபோனேன் என்று பதறி வந்தவரை நாயகம் (ஸல்) அவர்கள் விரட்டவில்லை. எதற்கும் வசதியில்லை என்றவரிடம் ஒரு கூடைப் பேரீச்சம்பழத்தைக் கொடுத்து, தர்மம் செய்யச் சொன்னார்கள். மதீனாவில் எங்களைவிட ஏழை யார் என்றார் அவர். நாயகம் சிரித்துவிட்டு, வீட்டாருக்கே கொடுக்கச் சொன்னார்கள்.

பிள்ளை வந்து சொன்னால் நாலு பேரிடம் சொல்லாதீர்கள். அன்றிரவே ஸஹருக்கு எழுப்பிவிடுங்கள்.