புகை நீங்கியது; அழுத்தம் நீங்கியதா?

(விழாவின் மருத்துவ அரங்கில் ஆற்றிய உரை)

 

விழா நாளில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணலாம். ஆயினும் வந்தவாசியிலும் ஆரணியிலும் திண்டிவனத்திலும் சென்னையிலும் வாழும் நம் குடும்பங்கள் ஒருசேரக் கூடுவது இத்தகைய நாள்களில்தான். இலண்டனிலும் துபாயிலும் பணிபுரியும் பிள்ளைகளும் விடுமுறையில் வந்திருக்கிறார்கள். ஆகவே குடும்பமாக அமர்ந்து கேட்க வேண்டிய ஒரு செய்தியை இன்று எடுத்துக்கொண்டேன்.

அயல்நாட்டிலிருந்து வரும் நடுவயதினர் பலர் மருத்துவரிடம் இவ்வாறு கூறுகின்றனர்: “சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறிவிட்டேன். இரத்த அழுத்தமும் இறங்கிவிட்டது. இனி மாத்திரை எதற்கு?” இக்கூற்றில் ஒரு பகுதி உண்மை, ஒரு பகுதி மயக்கம். இரண்டையும் பிரித்துக் காட்டுவதே என் நோக்கம்.

வேப் என்பது மின்கலத்தால் இயங்கும் சிறு கருவி. சீன மருந்தாளுநர் ஹோன் லிக் என்பவர் 2003ஆம் ஆண்டில் இன்றைய வடிவத்துக்கு அடிகோலினார். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். கருவியினுள் புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் மணப்பொருள்களும் பெரும்பாலும் நிகோடினும் கலந்த நீர்மம் இருக்கும். கம்பிச்சுருள் சூடேறி அந்நீர்மத்தை ஆவியாக்கும். அங்கே எதுவும் எரிவதில்லை. சிகரெட்டில் புகையிலை எரிகிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே நம் வினாவுக்கான விடை தொடங்குகிறது.

எரிவதும் எரியாததும்

புகையிலை எரியும்போது 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை விளைவிப்பவை. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும் அப்புகையில் உண்டு. குருதியிலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் இதயம் குறைந்த பிராணவாயுவைக் கொண்டு மிகுந்த வேலை செய்ய நேர்கிறது. புகையின் நுண்துகள்களோ இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. நலமான குழாய் தேவைக்கேற்ப விரியும். புண்பட்ட குழாய் விரிய மறுக்கும்.

சிகரெட்டை முற்றிலும் விட்டு வேப்புக்கு மாறியவரிடம் இந்தச் சுமையின் பெரும்பகுதி நீங்குகிறது. கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாள்களிலேயே உடலைவிட்டு அகன்றுவிடும். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தார் நெடுநாள் புகைத்த 114 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஒரே மாத அளவில், சிகரெட்டைத் தொடர்ந்தவர்களைவிட வேப்புக்கு மாறியவர்களின் குழாய்கள் நன்கு விரிந்தன என்று அது காட்டியது. இது மறுக்க வேண்டாத நன்மை.

ஆனால் இரத்த அழுத்தத்தை நேரடியாக உயர்த்தும் பொருள் எது? நிகோடின். அது நரம்பு முனைகளையும் சிறுநீரகத்தின் மேலமர்ந்த அட்ரினல் சுரப்பியையும் தூண்டுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, நாடி விரைகிறது, குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் சில புள்ளிகள் ஏறுகிறது. நிகோடின் புகை வழியே வந்தாலும் ஆவி வழியே வந்தாலும் இவ்விளைவு நிகழும். ஆகவே வேப்புக்கு மாறியவர் புகையை விட்டிருக்கிறார், நிகோடினை விடவில்லை.

ஆய்வுகள் கூறுவன

இத்தாலியின் கத்தானியா நகரில் 300 புகைப்போரை ஓராண்டு தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் தொடக்கத்திலேயே அழுத்தம் மிகுந்திருந்தவர் 66 பேர். ஆண்டிறுதியில் அவர்களுடைய மேல் அழுத்தம் சராசரியாக 141இலிருந்து 132ஆகக் குறைந்தது. சிகரெட்டை விட்டவரா, குறைத்தவரா, தொடர்ந்தவரா என்பதைப் பொறுத்து அந்தத் தாழ்வு அமைந்தது. அதே நகரத்து ஆய்வாளர்கள், இரத்தக் கொதிப்புள்ள புகைப்போரின் மருத்துவக் குறிப்பேடுகளைப் பின்னோக்கி ஆராய்ந்து மற்றோர் அறிக்கை அளித்தனர். வேப்பைப் பயன்படுத்திய 43 பேரின் அழுத்தம் ஓராண்டில் 140/86 என்ற அளவிலிருந்து 130/80 என்ற அளவுக்கு இறங்கியதாக அது கூறிற்று. இரண்டும் 2016இல் வெளிவந்தவை.

மேல் அழுத்தம் 10 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருங்கேடுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது மருந்துகளை வைத்து நடத்திய பேராய்வுகளின் முடிவு. ஆதலால் மேற்கண்ட எண்கள் சிறியவை அல்ல. எனினும் அவற்றை எடைபோடும்போது நான்கு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும்.

முதலாவது, இவை சிறிய கூட்டங்களில் கண்டவை. இரண்டாவது, ஒரு நாள் மிகுந்து காணப்பட்ட அழுத்தம் மறுமுறை அளக்கும்போது எவ்வித மருத்துவமும் இன்றியே ஓரளவு இறங்குவது இயல்பு. அந்தப் பங்கையும் கழித்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, அந்நகரின் ஆய்வு மையம் பின்னாளில், ஒரு பெரிய சிகரெட் நிறுவனம் பணம் அளித்த அறநிறுவனத்திடம் நிதி பெற்றது. அதனால் முடிவு பொய்யாகிவிடாது. ஆயினும் சார்பற்ற பிறர் பெரிய அளவில் சரிபார்க்கும்வரை அதை உறுதிப்பாடாகக் கொள்வதற்கில்லை.

நான்காவதே மிக முதன்மையானது. இந்த ஆய்வுகளில் அளக்கப்பட்டது மருத்துவமனைக்கு வந்த வேளையின் அழுத்தம். குருதியில் நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். பயணம் செய்து, காத்திருந்து, பிறகு கையை நீட்டுபவரின் அளவு தாழ்ந்தே இருக்கும். வீட்டிலும் அலுவலகத்திலும் அவர் நிகோடினுடன் இருக்கும் பதினாறு மணி நேரத்தை அந்த அளவு காட்டாது. மருத்துவர் முன் அடங்கி, வெளியே உயரும் இந்த நிலையை மறைந்திருக்கும் இரத்தக் கொதிப்பு என்பர். புகைப்போரிடம் இது மிகுதி. வேப் பிடிப்போரிடமும் இதனை ஐயுறக் காரணம் உண்டு. சிகரெட் ஐந்தாறு நிமிடத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்தது என்று கை அறியும். வேப்புக்கு அத்தகைய முடிவு இல்லை. மேசைமீது இருக்கும், வாய்க்கு வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே ஆய்வுகளிலிருந்து நாம் கொள்ளத்தக்க முடிவு இதுதான்: அழுத்தம் இறங்கியது சிகரெட் போனதால், வேப் வந்ததால் அன்று. வேப் அழுத்தத்திற்கு மருந்தாகாது.

மாறியவர் கவனிக்க வேண்டியவை

முதலில், மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. அழுத்தம் இறங்கியிருப்பதே மாத்திரையின் வேலையாக இருக்கலாம். மெய்யாகவே குறைந்திருந்தால் மருத்துவரே அளவைக் குறைப்பார்.

அடுத்து, வீட்டில் முறையாக அளக்க வேண்டும். அளப்பதற்கு முன் அரைமணி நேரம் சிகரெட்டும் வேப்பும் காப்பியும் கூடா. முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளக்க வேண்டும். காலையும் மாலையும் 7 நாள் குறித்து, முதல் நாளை நீக்கிவிட்டு எஞ்சியவற்றின் சராசரியைக் காண வேண்டும். அது 135/85ஐ எட்டினால் மருத்துவரிடம் காட்டுக. வேப் பிடிப்பவர் தம் வழக்கமான பொழுதின் நடுவிலும் சிலமுறை அளந்து, அவற்றைத் தனியே குறித்து எடுத்துச் செல்லலாம். மறைந்திருப்பது அப்போது வெளிப்படும்.

மூன்றாவது, நம் வீடுகளுக்கு மிக நெருங்கிய ஒன்று: காப்பி. புகையிலை எரியும்போது எழும் சில பொருள்கள் கல்லீரலின் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. அதனால் புகைப்போரின் உடல் காப்பியிலுள்ள காஃபீனை மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு விரைவில் வெளியேற்றுகிறது. சிகரெட்டை விட்டதும் அந்த முடுக்கம் நின்றுவிடும். வேப்புக்கு மாறினாலும் அவ்வாறே. நாளைக்கு நான்கு தம்ளர் டிகாஷன் காப்பி அருந்தியவர் அதே நான்கைத் தொடர்ந்தால் காஃபீன் உடலில் நெடுநேரம் தங்கும். படபடப்பும் உறக்கமின்மையும் தோன்றும். “சிகரெட்டை விட்டதிலிருந்து உடம்பு சரியில்லை” என்று பலர் மீண்டும் அதையே நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். காப்பியைப் பாதியாக்கினால் போதும். ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் போன்ற மருந்துகளுக்கும் இது பொருந்தும். ஆதலால் புகையை விட்ட செய்தியை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும்.

நான்காவது, எடை. புகையை விடுபவர் ஓராண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ கூடுவதுண்டு. எடை ஏறினால் அழுத்தமும் ஏறும். விழாக்காலப் பலகாரங்களுக்கு அளவும், நாள்தோறும் நடையும், அப்பளம் ஊறுகாயில் உப்புக் குறைப்பும் அதற்குத் துணைசெய்யும்.

ஐந்தாவது, இரண்டையும் வைத்துக்கொள்வது. பகலில் வேப், இரவில் ஒரே ஒரு சிகரெட் என்பாரும் உளர். நாளைக்கு ஒரு சிகரெட்டே, இருபது பிடிப்பவருக்குரிய கூடுதல் இதயநோய் இடரில் பாதியளவைத் தருகிறது என்று 2018இல் வெளியான ஒரு பேராய்வு காட்டியது. சிகரெட் முழுவதும் போகாத வரையில் இதயத்துக்குக் கிடைக்கும் நன்மை சிறிதே.

சட்டமும் வழியும்

இங்கிலாந்து அரசு புகைப்போருக்கு வேப்பைப் பரிந்துரைக்கிறது. 2023இல் பத்து இலட்சம் பேருக்கு அதை வழங்கும் திட்டத்தையும் அறிவித்தது. அங்கு 886 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் வேப்பின் துணையால் சிகரெட்டை விட்டிருந்தவர் 18 விழுக்காட்டினர். நிகோடின் பசை, ஒட்டு முதலியவற்றால் விட்டிருந்தவர் 9.9 விழுக்காட்டினர். ஆனால் அவ்வாறு வென்றவர்களுள் வேப்பினர் 80 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பிறகும் வேப்பை விடவில்லை. மற்றக் கூட்டத்தில் தம் துணைப்பொருளைத் தொடர்ந்தவர் 9 விழுக்காட்டினரே. ஏறிய படகை விட்டிறங்காமல் கரையிலும் அதிலேயே அமர்ந்திருப்பதைப் போன்றது இது.

இந்தியாவின் நிலை வேறு. 2019ஆம் ஆண்டின் சட்டம் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்புவைத்தல் அனைத்தையும் தடைசெய்கிறது. இருப்புவைத்தல் நீங்கலாக மற்றவற்றின் முதற்குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறையோ ஒரு இலட்ச ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ கிடைக்கும். சிங்கப்பூரில் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். பயணம் செய்யும் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும். தடையை மீறி இங்கு மறைவாக விற்கப்படும் பொருளில் என்ன கலந்துள்ளது என்பதைச் சோதிப்பார் எவருமில்லை. அமெரிக்காவில் 2019இல் தொடங்கிய நுரையீரல் நோய்ப்பரவலில் 2,800 பேர் மருத்துவமனை சேர்ந்தனர்; 68 பேர் மாண்டனர். கஞ்சாச் சத்து கலந்த கள்ளச்சரக்கில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்டே அதற்குப் பெருங்காரணமாகக் கண்டறியப்பட்டது.

நம் நாட்டில் புகையை விட விரும்புவோருக்கு வழி இல்லாமல் இல்லை. நிகோடின் பசை மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. வேட்கையைத் தணிக்கும் மாத்திரைகளும் உண்டு. அவற்றுள் ஒன்று அழுத்தத்தை உயர்த்தக்கூடுமாதலால் கொதிப்புள்ளவர் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். 1800 11 2356 என்ற நடுவணரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசகர்கள் துணைநிற்கின்றனர்.

நிறைவாக மூவருக்கு மூன்று சொற்கள். புகைத்து வேப்புக்கு மாறியவரே! நீங்கள் பாதிவழி வந்துவிட்டீர்கள். அது சிறிய செயலன்று. நிகோடினின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, ஒரு நாளைக் குறித்து, அதையும் விடுங்கள். அதற்குள் சிகரெட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். இதுவரை புகைக்காத இளைஞர்களே! மேற்கண்ட நன்மை எதுவும் உங்களுக்கு உரியதன்று. எரியும் வீட்டிலிருந்து குதிப்பவருக்கே சன்னல் வழி. வாசலில் நிற்பவருக்கு அன்று. குடும்பத்தாரே! பிள்ளையின் பையில் அந்தக் கருவியைக் கண்டால் முதலில் சினவாதீர்கள். சினத்துக்கு அஞ்சுபவர் மருத்துவரிடமும் மறைப்பார். மறைத்தவருக்கு எழுதப்படும் மருந்தின் அளவும் பிழைபடும். “அழுத்தம் எவ்வளவு? இருவரும் அளந்து பார்ப்போம்” என்று கையை நீட்டுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

இரத்தக் கொதிப்பு வலியின்றி வளர்வது. அதை உணர்ச்சியால் அறிய இயலாது. அளவையால்தான் அறிய இயலும். இவ்விழா முடிந்து இல்லம் திரும்பும் ஒவ்வொருவரும் இவ்வாரத்தில் ஒருமுறையேனும் தம் அழுத்தத்தை அளந்து குறித்துவைப்பார்களாயின், இவ்வுரை பயன்பெற்றதாகக் கொள்வேன்.