பொறுப்புக்கு வந்த பெண்ணும் வீட்டு வேலையும்



பெண் பொறுப்புக்குப் போனால் வீடு என்னாகும் என்று நம்மிடம் பலர் கேட்கிறார்கள். மகளின் காலேஜ் ஃபீஸுக்கு உதவி கேட்டு வரும் தகப்பனாரே சில சமயம் கேட்கிறார்.

அன்னை கதீஜா (ரலி) மக்காவில் பெரிய வணிகர், பிள்ளைகளை வளர்த்த தாயும்கூட. பயானில் இதைக் கேட்டுத் தலையாட்டுகிறோம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளைச் செய்வார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்தது புகாரியில் இருக்கிறது. ஆண்களுக்கு இது மட்டும் ஏனோ நினைவில் நிற்பதில்லை.

பாகிஸ்தானில் பேநசீர் பூட்டோ பிரதமராக இருந்தபோதே 1990 ஜனவரியில் குழந்தை பெற்றார். வெளியே சொல்லாமல்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. 2018ல் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் எல்லாருக்கும் அறிவித்துவிட்டு ஆறு வாரம் விடுப்பு எடுத்தார். அதன்பின் குழந்தையை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டவர் அதன் தகப்பனார். இரண்டு பேரும் திறமைசாலிகள்தான், வித்தியாசம் சுற்றியிருந்தவர்களிடம்.

நமக்குப் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். திருச்சி - மதுரை ரோட்டில் துவரங்குறிச்சிக்காரர், கவிஞர் சல்மா. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகி, வீட்டாருக்குத் தெரியாமல் குளியலறையில் உட்கார்ந்து எழுதியவர். அவர் எழுத்தில் நம்மில் பலருக்கு உடன்பாடு இல்லை. அது வேறு பேச்சு. 2001ல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. கணவர் நிற்க முடியாததால் மனைவியை நிறுத்தினார்கள். ஜெயித்தார். 2025ல் மாநிலங்களவைக்கும் போனார். எழுதுவதை மறைக்க வைத்த அதே குடும்பம்தான் ஓட்டுக் கேட்க வெளியே அழைத்து வந்தது. தேவை வந்தால் வீடு வழிவிடும் என்றுதானே அர்த்தம்?

இப்போது உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. ஆனால் பல ஊரில் மெம்பர் அந்த அம்மா, கூட்டத்தில் பேசுவது வீட்டுக்காரர். கேட்டால், "அவளுக்குச் சமையல் இருக்கு" என்கிறார்கள். லாரி எடுத்துப் போனவர் பத்து நாள் கழித்து வரும்வரை, கடன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் நம் சேலம், நாமக்கல் பெண்கள் தனியாகத்தானே பார்க்கிறார்கள்? நிர்வாகம் தெரியாதவர்கள் இல்லை.

பெண்ணைப் பெற்றவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். மாப்பிள்ளையின் சம்பளம், சொந்த வீடு எல்லாம் விசாரிக்கிறீர்கள். பெண் வேலைக்குப் போனால் கைக்குழந்தையை யார் பார்ப்பது, காலைச் சமையலில் யார் கை கொடுப்பது என்பதையும் நிக்காஹ் தேதி குறிக்கும் முன்பே மாப்பிள்ளையை உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் நம் டிரஸ்டுக்கு வாருங்கள், நாங்கள் கூட இருந்து பேசுகிறோம்.