பிரம்பைக் கொடுத்தது யார்?

(நம் சங்கத்தின் குழந்தைகள் தின விழாவில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)

பாட்டு, டான்ஸ், மாறுவேடப் போட்டி எல்லாம் முடிந்து, ஸ்நாக்ஸ் பாக்கெட் கொடுப்பதற்கு முன்னால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். பசியோடு இருப்பவர்கள் முன்னால் பேசுவது எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியும். பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். குழந்தைகள் கீழே விளையாடப் போகலாம். இன்று நான் பேசப்போவது பெரியவர்களிடம்தான்.

நான் வக்கீல் இல்லை, வாத்தியாரும் இல்லை. பி.காம். முடித்துவிட்டு முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிப்பது பற்றிய சட்டங்களை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் லிப்டில் ஒரு அம்மா, டியூஷன் மிஸ்ஸிடம் போனில் பேசிக்கொண்டு வந்தார். "படிக்கலேன்னா ரெண்டு போடுங்க மிஸ், நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்" என்றார். நான் சிரித்துக்கொண்டேன். அன்று ராத்திரி என் மகனிடம் இதைத் தமாஷாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "நீங்களும் அதைத்தானேப்பா சொன்னீங்க" என்றான்.

உண்மைதான். அவன் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அவனுடைய சாரிடம், "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொன்னவன் நான். அந்தக் காலத்தில் எல்லா அப்பாக்களும் சொல்கிற வசனம். அதே வருடம் ஒருநாள் உள்ளங்கை வீங்கி வந்து நின்றான். என்னிடம் காட்டினான். நான் கேட்டது, "என்ன தப்பு பண்ணினே?" என்று. "அதுக்கப்புறமும் நிறைய அடி வாங்கியிருக்கேன். உங்ககிட்ட காட்டினதில்லை" என்று இப்போது சொல்கிறான். அவனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன்.

வங்கியில் மேண்டேட் என்று ஒன்று உண்டு. "என் கணக்கை என் சார்பில் இவர் இயக்கலாம்" என்று கணக்குக்குச் சொந்தக்காரர் எழுதிக் கொடுப்பது. ஆசிரியர் பிள்ளையை அடிக்கும் உரிமையும் பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. பெற்றவருக்கு அடிக்கும் உரிமை இருக்கிறது, பள்ளிக்கு அனுப்பும்போது அதை ஆசிரியருக்குக் கைமாற்றிக் கொடுக்கிறார் என்பது கணக்கு. 1860-ல் வந்த நம் இந்திய தண்டனைச் சட்டத்திலும் 89-வது பிரிவு, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, பாதுகாவலரின் சம்மதத்தோடு, நல்லெண்ணத்தில் செய்வது குற்றமாகாது என்று சொன்னது. அடித்த ஆசிரியர்கள் கோர்ட்டில் பிடித்துக்கொண்டது இந்த மாதிரிப் பிரிவுகளைத்தான்.

சரி, மேண்டேட் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெற்றால்? இந்தக் கேள்வியை ஸ்காட்லாந்தில் இரண்டு தாய்மார்கள் கேட்டார்கள்.

அங்கே பள்ளிகளில் பிரம்பு கிடையாது. டாஸ் என்று சொல்லும் தோல் வார்தான். நுனி பிளந்திருக்கும், அதால் உள்ளங்கையில் அடிப்பார்கள். லாக்கெல்லி என்ற ஊரில் செய்த வார் நாடு முழுக்கப் பேர் போனது. அந்த லாக்கெல்லிக்குப் பக்கத்து ஊர் கௌடன்பீத். 1976 செப்டம்பரில் அங்கே பதினைந்து வயதுப் பையன் ஒருவன், போகக்கூடாது என்று சொல்லியிருந்த கல்லறைத் தோட்டக் குறுக்கு வழியில் வீட்டுக்குப் போகப் பார்த்தான். மறுநாள் வந்து அடி வாங்கிக்கொள் என்றது பள்ளி. அவன் போய் நின்றான், ஆனால் அடி வாங்க மறுத்துவிட்டான். அப்படிச் செய்யச் சொன்னவர் அவன் அப்பா. உடனே சஸ்பெண்ட் செய்தார்கள். சில மாதம் கழித்துச் சேர்த்துக்கொள்ள முன்வந்தார்கள். "இனி அவனை அடிக்கமாட்டோம் என்று உறுதி கொடுங்கள்" என்றார்கள் பெற்றோர். பள்ளி தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று உங்கள் மேல் வழக்கு வரலாம் என்று எச்சரிக்கை வேறு வந்தது. பையனுக்குப் பதினாறு வயது ஆகிவிட்டது. அவன் திரும்பப் பள்ளிக்கூடம் போகவே இல்லை.

அந்தப் பையனின் தாய் கோசன்ஸ். இன்னொரு தாய் கேம்பெல். அவர் மகனை யாரும் அடிக்கவே இல்லை. அடிக்கமாட்டோம் என்று உத்தரவாதம் கேட்டார், கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு பேரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். 1982 பிப்ரவரி 25-ந்தேதி தீர்ப்பு வந்தது. வாரைக் காட்டிப் பயமுறுத்தியதை மட்டும் வைத்து இழிவான தண்டனை என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். அந்த இடத்தில் அவர்கள் தோற்றார்கள். ஆனால், பிள்ளையை அடிக்கக்கூடாது என்பது பெற்றோரின் ஆழ்ந்த கொள்கை, கல்வி கொடுக்கும் அரசு அதை மதித்தே ஆகவேண்டும் என்றது. பையனுக்குப் படிப்பை மறுத்ததும் தவறு என்றது.

அதற்குப் பிறகும் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இழுத்தடித்தது. 1986 ஜூலை 22-ந்தேதி மக்கள் சபையில் வாக்கெடுப்பு. அடியை ஒழிக்க 231 ஓட்டு, எதிர்த்து 230. ஒரே ஓட்டு! மறுநாள் அரச குடும்பத்துக் கல்யாணம். அந்தக் கல்யாண ஏற்பாட்டு நெரிசலில் சில உறுப்பினர்கள் மாட்டிக்கொண்டு வரமுடியாமல் போனதாகச் சொல்வார்கள். நம் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் கோரம் சேராதபோதெல்லாம் எனக்கு இனி இதுதான் ஞாபகம் வரும். சட்டம் நடைமுறைக்கு வந்தது 1987 ஆகஸ்ட் 15. தேதியைக் கவனியுங்கள். அதுவும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளுக்கு மட்டும்தான். தனியார் பள்ளிகளுக்கும் சேர்த்து வடக்கு அயர்லாந்து வரைக்கும் முடிய 2003 ஆகிவிட்டது.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். பெற்றோரே "அடியுங்கள்" என்று மேண்டேட் கொடுத்தால்? அதாவது என்னை மாதிரி ஆட்கள்?

இது தென்னாப்பிரிக்காவில் வந்தது. நிறவெறி ஆட்சி போன பிறகு, 1996-ல் கொண்டுவந்த பள்ளிகள் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் அடியைத் தடை செய்தது. 196 கிறிஸ்தவத் தனியார் பள்ளிகள் சேர்ந்து, ஏறக்குறைய 14,500 பிள்ளைகள் சார்பில், எங்களுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போயின. எங்கள் மத நம்பிக்கை, பெற்றோரே சம்மதிக்கிறார்கள் என்றன. 2000-ம் ஆண்டு நீதிபதி ஆல்பி சாக்ஸ் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. வீட்டில் உங்கள் நம்பிக்கைப்படி வளருங்கள், ஆனால் ஆசிரியர் கையில் அடிக்கும் அதிகாரத்தைக் கொடுக்க உங்களால் முடியாது என்பது அதன் சாரம். நிறவெறி ஆட்சி இவரை விசாரணை இல்லாமல் சிறையில் வைத்தது, குண்டு வைத்து ஒரு கையையும் பறித்தது. அடி, வன்முறை என்றால் என்ன என்று புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டவர் இல்லை.

அந்தத் தீர்ப்பில் அவர் வருத்தப்பட்ட ஒரு விஷயம் என்னை உலுக்கிவிட்டது. வழக்கில் அரசு பேசியது, பெற்றோர் பேசினார்கள், பள்ளிகள் பேசின. அடி வாங்கப்போகிற பிள்ளைகள் சார்பில் தனியாகப் பேச ஒருவரும் இல்லை. என் மகனும் நானும் ஆசிரியரும் சம்பந்தப்பட்ட அந்த மேண்டேட்டில் இரண்டு பேர் கையெழுத்துதான் இருந்தது. கணக்கு யாருடையதோ, அவனை யாரும் கேட்கவில்லை.

எல்லா நாட்டிலும் கோர்ட் பிள்ளைகள் பக்கம் நின்றது என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில், மயாமியில் ஒரு பையனை மேஜை மேல் குனிய வைத்துப் பிடித்துக்கொண்டு, மரத்துடுப்பால் இருபது அடிக்கு மேல் அடித்தார்கள். பல நாள் பள்ளிக்கூடம் போகமுடியவில்லை. 1977-ல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கொடூரத் தண்டனைக்கு எதிரான அரசியல் சட்டப் பாதுகாப்பு குற்றவாளிகளுக்குத்தான், பள்ளி மாணவருக்குப் பொருந்தாது என்றது. நியூஜெர்சி மாநிலம் 1867-லேயே பள்ளியில் அடியை ஒழித்துவிட்டது. மிசிசிப்பி, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் பின்னாலும் அனுமதி தொடர்ந்தது. டெக்சாஸில் வேண்டாம் என்றால் பெற்றோர்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். நம்மில் பலருடைய பேரன் பேத்திகள் இருக்கிற சிங்கப்பூரிலும் பள்ளி விதிகள் பையன்களை மட்டும் பிரம்பால் அடிக்க அனுமதிக்கின்றன. பெண் பிள்ளைகளை அடிக்கக்கூடாது.

ஸ்வீடன் வேறு வழியில் போனது. 1979-ல் வீடு, பள்ளி இரண்டிலும் அடியை முழுவதும் தடை செய்த முதல் நாடு அது. பெற்றோரை ஜெயிலில் போடுவதற்காக அந்தச் சட்டத்தைக் கொண்டுவரவில்லை. அதை மீறினால் தனித் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக வீடு வீடாகச் சிறு புத்தகம் அனுப்பினார்கள், பால் பாக்கெட்டில்கூட அச்சடித்தார்கள். இன்றைக்கு 60-க்கும் மேற்பட்ட நாடுகள் அந்த வழிக்கு வந்துவிட்டன. தெற்காசியாவில் முதலில் வந்தது நேபாளம், 2018-ல்.

நம் ஊருக்கு வருவோம். 2000 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், அந்த மாநிலப் பள்ளி விதிகளில் இருந்த அடிக்கும் அனுமதியை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் 2003-ல் கல்வி விதிகளின் 51-வது விதியைத் திருத்தி, பிள்ளைகளுக்கு உடல் வலியோ மன வலியோ தரக்கூடாது என்றார்கள். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடியை மட்டுமல்ல, மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. "எருமை மாடு" என்று வகுப்பு முன்னால் திட்டுவதும் அதில் வரும். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம், இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளைப் பள்ளிகளில் ஒழுங்காக அமல்படுத்துங்கள் என்று அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் வந்து இத்தனை வருடம் கழித்தும் கோர்ட் அப்படிச் சொல்லவேண்டியிருந்தது. ஓட்டையும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வரைக்கும்தான். 2014-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது. டியூஷன் சென்டரைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

"அடி வாங்கித்தானே சார் நாமெல்லாம் உருப்பட்டோம்?" என்று இங்கே யாராவது மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னோடு எட்டாம் வகுப்பு படித்த ஒருவன், கணக்கு சாரின் அடிக்குப் பயந்தே நின்றுவிட்டான். என்னைவிட வேகமாகக் கூட்டுவான். உருப்பட்ட நாம்தான் இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறோம். அவன் இங்கே இல்லை. வரவு மட்டும் எழுதி, பற்றை எழுதாமல் போட்ட கணக்கு அது.

ஆசிரியர் பக்கமும் நியாயம் உண்டு. ஐம்பது பிள்ளைகளை ஒரு அறையில் அடைத்துக்கொடுத்து, ரிசல்ட் ஏன் குறைந்தது என்று நாமே போய்ச் சண்டை போடுகிறோம். பிரம்பைப் பிடுங்கிக்கொண்ட அரசு, அதற்குப் பதிலாக அவர்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தது, எத்தனை ஆள் கொடுத்தது என்றும் கேட்கவேண்டும்.

கடைசியாக, நாம் செய்யக்கூடியது என்ன?

ஒன்று, "ரெண்டு போடுங்க" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே சொல்லியிருந்தால் நேரில் போய், "அடிக்க வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இரண்டு, பிள்ளை கையைக் காட்டினால், முதலில் "வலிக்குதா?" என்று கேளுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

மூன்று, புகார் இருந்தால் முதலில் வகுப்பு ஆசிரியர், பிறகு தலைமை ஆசிரியர். எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பதில் இல்லையென்றால் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளி வாசலில் போய்க் கூச்சல் போடவேண்டாம்.

நான்கு, நம் கமிட்டிக்கு ஒரு வேண்டுகோள். நம் பிளாக்குகளில் நாலைந்து வீட்டில் டியூஷன் நடக்கிறது, இந்த ஹாலையும் வாடகைக்கு விடுகிறோம். ஹால் விதிகளில், ஷட்டில் விளையாடக்கூடாது, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று பதினோரு வரி இருக்கிறது. இங்கே பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று பன்னிரண்டாவது வரி ஒன்று சேர்த்துவிடுங்கள். செலவு ஒன்றுமில்லை.

மகனிடம் நான் போனில், "அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக்கூடாதுடா" என்று சொல்லிவிட்டேன். "விடுங்கப்பா, இப்ப எதுக்கு" என்றான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு, பேரனை அவன் பள்ளியில் விட்டுவிட்டு ஆபீஸ் போகவேண்டும் என்று வைத்துவிட்டான்.

நேரம் ஆகிவிட்டது. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஸ்நாக்ஸ் பாக்கெட்டை முதலில் குழந்தைகளுக்குக் கொடுங்கள்.