பொறியின் திறனும் புகையின் பழியும்

(பொருநைக் கரையில் சரக்குந்துத் தொழிலாளரிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இரும்புக்கும் பொருநைக் கரைக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. தாமிரபரணி என்று வழங்கும் இப்பொருநையின் கரையில், ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில், இரும்பு வேலும் வாளும் வெளிப்பட்டதை உலகறியும். அதற்கு அணித்தாகிய சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த கரி முதலியவற்றின் காலம் கி.மு. 3345 வரை பின்செல்வதாக, 2025 சனவரியில் தமிழ்நாட்டரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை கூறுகின்றது. துருத்தி ஊதி இரும்பை உருக்கிய அக்கொல்லனின் வழிவந்த கைகளே இன்று வண்ணார்பேட்டையிலும் தாழையூத்திலும் சரக்குந்தின் பொறியைப் பிரித்துப் பூட்டுகின்றன. அக்கைகள் இன்று எதற்குப் பயன்படுகின்றன என்பதே இன்றைய வினா.

பட்டறைகளில் ஒரு புதுச்சரக்கு விலைபோகின்றது. அதன் பெயர் 'திறன் கூட்டல்'. "வண்டி ஏற்றத்தில் திணறுகிறதா? பெட்டியில் கட்டளையை மாற்றித் தருகிறோம். புகைக்குழாயிலுள்ள அடைப்பை எடுத்து விடுகிறோம். எண்ணெயும் மிச்சம், இழுவையும் மிகுதி" என்பது அதன் விளம்பரம். பெயர் நல்ல பெயர்தான். ஆயின் பெயருக்கும் பொருளுக்கும் பொருத்தம் உண்டா என்று பார்ப்பதன்றோ தமிழறிந்தார் கடன்?

முதற்கண் பொறியின் இயல்பை அறிதல் வேண்டும். செருமானிய அறிஞர் உருடோல்பு தீசல் 1897-இல் வெற்றியுற இயக்கிக் காட்டிய பொறியில் பற்றவைக்கும் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் காற்றை இறுக்கினால் அது சூடேறும். அச்சூட்டில் தெளிக்கப்பெறும் எண்ணெய் தானே பற்றும். எண்ணெய்க்கேற்ற காற்று இருந்தால் அது முழுதும் எரிந்து ஆற்றலாகும். காற்றை மிஞ்சி எண்ணெயைத் தெளித்தால் எரியாத மிச்சம் கரும்புகையாகும். எரிசூடு மிகமிகக் காற்றிலுள்ள நைட்ரசனும் உயிர்வளியும் கூடி நச்சுவளியாகும். கரித்துகள் ஒரு கேடு. நைட்ரசன் நச்சு மற்றொரு கேடு. முன்னது கண்ணுக்குத் தெரியும், பின்னது தெரியாது.

இவ்விரண்டையும் கட்டுவதற்கே படிப்படியாக வரம்புகள் வந்தன. 'பி.எசு. 3' வரம்பு 2010-இலும், 'பி.எசு. 4' 2017-இலும், 'பி.எசு. 6' 2020-இலும் நாடு முழுமைக்கும் ஆயின. சரக்குந்துப் பொறி ஒரு கிலோவாட் மணி ஆற்றல் தரும்போது கக்கத்தக்க நைட்ரசன் நச்சின் அளவு, சீரியக்க ஆய்வில், மூன்றாம் நிலையில் 5 கிராம். நான்காம் நிலையில் 3.5 கிராம், ஆறாம் நிலையில் 0.4 கிராம். கரித்துகளின் அளவோ 0.10 கிராமிலிருந்து 0.01 கிராமாகக் குறைந்தது. எண்ணெயிலுள்ள கந்தகமும் பத்திலக்கத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காயிற்று. பழைய நிலை ஊர்திகளை விற்க 2017 மார்ச்சு 29-ஆம் நாளிலும், மீண்டும் 2018 அத்தோபர் 24-ஆம் நாளிலும் உச்ச நயன்மன்றம் தடை விதித்தது.

இவ்வரம்புக்குள் பொறியை நிறுத்த மூன்று உறுப்புகள் சேர்ந்தன. வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் உருளைக்குள் விட்டு எரிசூட்டைத் தணிப்பது ஒன்று. 'ஈ.சி.ஆர்.' என்று நீங்கள் சொல்லும் இதனைப் புகைமீட்சி எனலாம். கரித்துகளைப் பிடித்துவைத்து எரித்தொழிப்பது மற்றொன்று, இது துகள்வடி. யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து நைட்ரசன் நச்சைத் தீங்கற்ற நைட்ரசனாகவும் நீராவியாகவும் மாற்றுவது மூன்றாவது, இது நச்சுமுறி. காற்றை மிகுதியாக உள்ளே தள்ளும் 'டர்போ'வுக்கோ புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. கொல்லன் உலையின் துருத்தி செய்த வேலையைத்தான் அது சுழன்று செய்கின்றது. ஆதலின் அது சுழல்துருத்தி.

இனித் 'திறன் கூட்டல்' என்பதை உரைத்துப் பார்ப்போம். புகைமீட்சியை அடைத்துவிடுகின்றனர். துகள்வடியைக் குடைந்து வெறுங்குழாயாக்குகின்றனர். நச்சுமுறியில் கரைசல் இருப்பதாகக் கட்டளைப்பெட்டியை நம்பவைக்க ஓர் ஏமாற்றுப் பெட்டியைப் பொருத்துகின்றனர். தெளிக்கும் எண்ணெயின் அளவைக் கூட்டுகின்றனர். இவற்றுள் இழுவையைக் கூட்டுவது பெரும்பாலும் கடைசி ஒன்றே. மற்றவை மூன்றும் கூட்டலல்ல, கழித்தல்! தூய்மையைக் கழித்துவிட்டு அதற்குத் திறன் என்று பெயரிடுவது பொய்ப்பெயர்.

கூட்டிய எண்ணெயும் சும்மா இருப்பதில்லை. வடிவமைத்தவர் குறித்த அளவை மீறி எரிசூடு ஏறினால் சுழல்துருத்தி தேயும். உந்துதண்டின் தலை உருகும். உருளைமூடியின் இடைத்தகடு வெடிக்கும். உறுப்பை மாற்றிய வண்டிக்கு உருவாக்கியவரின் உறுதியும் போகும்.

சிலர் வேறொரு குறுக்குவழி காண்கின்றனர். கரைசலில் யூரியா 32.5 விழுக்காடுதானே, உரமூட்டையைப் பிரித்து நீரில் கரைத்தால் ஆயிற்று என்பது அவர்தம் கணக்கு. நாட்டில் உரமாக விற்கும் யூரியா 2015 முதல் வேப்பெண்ணெய் பூசப்பெற்றே வருகின்றது. அப்பூச்சும் உரத்திலுள்ள பிற கலப்புகளும் தெளிகுழாயை அடைக்கும், நச்சுமுறியைக் கெடுக்கும். அன்றியும் அம்மூட்டை அரசு மானியத்தில் உழவனுக்கு வருவது. அம்பாசமுத்திரத்து நெல்வயலுக்குப் போகவேண்டிய உரத்தை வண்டிக்கு ஊற்றுவது, தன் வண்டியையும் கெடுத்து அயலான் வயலையும் வாடவிடுவதாகும்.

"புகைச்சான்று கிடைத்துவிடுகிறதே" என்பர். தீசல் ஊர்திக்கு அச்சான்றுக்காகப் பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத நைட்ரசன் நச்சு அங்கே அளக்கப்பெறுவதில்லை. எனவே நச்சுமுறியை ஏமாற்றிய வண்டியும் தேறிவிடும். சான்றிதழ் தூய்மையாக இருக்கும். காற்று தூய்மையாக இராது.

இவ்வேமாற்று நம்மோடு நிற்பதன்று. செருமனியின் வோக்கசுவாகன் நிறுவனம், ஆய்வு நடக்கும்போது மட்டும் நச்சைக் குறைக்கும் கட்டளையை ஒரு கோடியே பத்திலக்கம் ஊர்திகளில் மறைத்து வைத்திருந்தது 2015-இல் வெளிப்பட்டது. அமெரிக்காவில் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் ஐந்தரை இலக்கம் அளவிலான சிறு தீசல் சரக்குந்துகளில் நச்சுத்தடுப்பு உறுப்புகள் நீக்கப்பெற்றன என்றும், அவற்றால் விளையும் கேடு தொண்ணூறிலக்கத்துக்கு மேற்பட்ட புதிய சரக்குந்துகளைச் சாலையில் விட்டதற்கு ஒப்பாகும் என்றும் அந்நாட்டுச் சூழல் காப்பகம் 2020-இல் கணித்தது. பெருநிறுவனம் செய்தாலும் சிறுபட்டறை செய்தாலும் களவு களவே.

அந்நச்சை முதலில் மூச்சில் ஏற்பவர் யார்? பட்டறையில் பொறியை முடுக்கிப் பார்க்கும் இளைஞன், ஓட்டுநர், உடன் செல்லும் உதவியாள், சாலையோரத் தேநீர்க்கடைக்காரர், பேருந்துக்கு நிற்கும் பள்ளிப்பிள்ளை. தீசற்புகை மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பதே என்று உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வகம் 2012-இல் ஐயத்திற்கிடமின்றி அறிவித்தது. நுரையீரல் புற்று அது.

சட்டமும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. உருவாக்கியவர் குறித்த அமைப்பினின்றும் ஊர்தியை மாற்றலாகாது என்று 2019 சனவரியில் உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. வேறு எரிபொருளுக்கு மாற்றுதல் முதலிய சிலவே ஒப்புதல் பெற்றுச் செய்யத்தக்கன. அவ்வாண்டுச் சட்டத்திருத்தம், ஒப்புதலின்றி மாற்றிய உடைமையாளர்க்கு ஆறு திங்கள் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 உருபா தண்டமோ, இரண்டுமோ விதித்தது. மாசு வரம்பை மீறி ஓட்டினாலோ ஓட்டுவித்தாலோ மூன்று திங்கள் வரை சிறையோ பத்தாயிரம் உருபா வரை தண்டமோ உண்டு. உரிமமும் மூன்று திங்கள் முடங்கும். ஏமாற்றுப் பெட்டியை விற்றவன் பணத்தோடு போய்விடுவான். வழக்கில் நிற்பவன் தவணை கட்டும் உடைமையாளனே.

அவ்வுடைமையாளனின் இடரும் பொய்யன்று. தவணை, சுங்கம், எண்ணெய் விலை, கரைசல் விலை எனச் சுமை ஏறிக்கொண்டே போகின்றது. கல்லேற்றி ஆரியங்காவுக் கணவாய் ஏறும் வேளையில் ஒரு விளக்கு எரிகின்றது. பொறி தானே வலுக்குறைகின்றது. திரையில் ஓர் எண் தோன்றுகின்றது. அவ்வெண்ணின் பொருள் யாருக்குத் தெரியும்? விளக்கநூல் ஆங்கிலத்தில்! நோயின் பெயரே தெரியாத மருத்துவன் உறுப்பை வெட்டியெறியத்தானே நினைப்பான்? துகள்வடியைக் குடைந்தெறியும் வழக்கத்திற்கு ஆசை ஒரு கரணியம் எனில், அறியாமை மற்றொரு கரணியம். அவ்வறியாமைக்குப் பட்டறையாள் மட்டும் பொறுப்பல்லன். அவனுக்கு அவன் மொழியில் அறிவைத் தராத குமுகாயமும் பொறுப்பே.

எனவே செய்ய வேண்டுவன தெளிவாகின்றன. தமிழ்நாட்டில் சரக்குந்து விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் வழு எண்களின் விளக்கத்தைத் தமிழில் தரவேண்டும். பேட்டை அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் போன்றவை ஆறாம் நிலைப் பொறிகளைத் தமிழில் கற்பிக்கவேண்டும். புகைச்சான்று நிலையத்தில் நைட்ரசன் நச்சையும் அளக்க அரசு வழி காணவேண்டும். பட்டறையாளர் மெய்யான திறன் கூட்டலைத் தொழிலாகக் கொள்ளவேண்டும். காற்றுவடியை உரிய காலத்தில் மாற்றுவதும், எண்ணெய்த் தெளிகுழாயைச் செப்பம் செய்வதும், அடைப்பிதழின் இடைவெளியைச் சரிசெய்வதும், உருளிப்பட்டையில் அளவான காற்று வைப்பதும், அளவான சுமை ஏற்றுவதும் மெய்யான கூட்டல்கள். இவற்றால் எண்ணெய் மிஞ்சும், பொறி நீடிக்கும், பழி சேராது.

தோழர்களே! சிவகளைக் கொல்லன் செய்த இரும்பை ஐயாயிரம் ஆண்டு கழித்து மண்ணிலிருந்து எடுத்துப் பெருமை கொள்கின்றோம். பட்டறையில் வண்டியோடு வந்து நிற்கும் உடைமையாளனிடம் "இதை எடுக்கமாட்டேன், செப்பம் செய்து தருகிறேன்" என்று சொல்லும் கொல்லனே அவனுக்கு உண்மையான வழித்தோன்றல். அச்சொல்லைச் சொல்லும் துணிவும் அறிவும் அவனுக்கு வாய்ப்பதாக!