மாத்திரையைப் பொடிக்கும் முன் கேளுங்கள்

(இலவச மருத்துவ முகாமில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



வயதான வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ மாத்திரை விழுங்க முடியவில்லை என்றால், பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுத்துவிடுகிறோம். அன்பினால் செய்வதுதான். ஆனால் சில மாத்திரைகளில் அது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

அட்டையில் மருந்தின் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.எல். என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். மருந்தைச் சிறுகச் சிறுகப் பல மணி நேரம் வெளியிடும் மாத்திரை என்று அதற்குப் பொருள். பல வேளைக்கான மருந்து அந்த ஒன்றிலேயே இருக்கும். பொடித்தால் அத்தனையும் ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கும். நிஃபெடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தானால், அழுத்தம் சட்டென்று குறைந்து மயங்கி விழலாம். மூச்சிரைப்புக்குத் தரும் தியோஃபிலினில் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அளவு மீறினால் வலிப்புகூட வரலாம்.

எல்லா மருந்தையும் இப்படிச் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். அதற்கு மருந்தின் குணம் இடம் தர வேண்டும். நிஃபெடிபின் சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் அதை மெதுவாக விட வேண்டியிருக்கிறது. அம்லோடிபின் பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதற்கு இந்த ஏற்பாடே தேவையில்லை.

சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் சிறுகுடலின் மேற்பகுதியில்தான் நன்றாக உறிஞ்சப்படும். உணவோடு சாப்பிட்டால் மாத்திரை வயிற்றில் அதிக நேரம் தங்கி, மருந்தை மெல்ல அனுப்பும். எஸ்.ஆர். மெட்ஃபார்மினை உணவோடு சாப்பிடச் சொல்வது இதனால்தான். சில நேரம் அதன் கூடு மலத்தில் வெளியேறும். பயப்பட வேண்டாம், மருந்து உள்ளே இறங்கியிருக்கும்.

நோன்பு நோற்பவர்களுக்கு ஒருவேளை மாத்திரை வசதிதான். ஆனால் நாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது. ரமலானுக்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.

நடுவில் கோடு உள்ள சில எஸ்.ஆர். மாத்திரைகளை மருத்துவர் சொன்னால் இரண்டாக உடைக்கலாம். அவற்றையும் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. விழுங்க முடியாதவர்களுக்குச் சிரப்போ வேறு மருந்தோ இருக்கலாம். அட்டையைக் கையோடு கொண்டுபோய், "இதைப் பொடிக்கலாமா?" என்று மருந்துக்கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக, ஆமீன்.